வெருகலில் விழுந்த கெர்னலை உப்புவெளியிலிருந்து எழுப்புவது

திருகோணமலை மாவட்டத்தில் சில பால் சேகரிப்பு நிலையங்களின் குளிரூட்டும் தொட்டிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வேலை என் பொறுப்பில் இருக்கிறது. கந்தளாய், கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று நிலையங்கள் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சின்னஞ்சிறு கணினி ஒன்று (பெட்டி என்று நான் சொல்வது இதைத்தான்), இரண்டு 4ஜி மோடம்கள், மின்சாரம் போனால் தாங்குவதற்கு ஒரு மின்கலம். பால் 4 பாகை செல்சியஸ் அளவில் இருந்தாக வேண்டும். தொட்டி சூடேறினால் நகரில் இருப்பவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். தெரியாமல் ஓர் இரவு போனால் காலையில் பவுசர் வரும்போது ஊற்றிவிட வேண்டியதுதான். மாட்டுக்காரருக்கு அன்றைய வரும்படி இல்லை.

மொபைல் இணைப்பில் இருக்கும் கணினிக்குப் பொதுவாகத் தனி முகவரி கிடையாது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். வெளியிலிருந்து யாரும் உள்ளே போக முடியாது. பெட்டிதான் உள்ளிருந்து வெளியே, நகரில் இருக்கும் கணினி வரை, சுரங்கப்பாதை எனப்படும் நிலையான இணைப்பு ஒன்றைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பாதை அறுந்தால் அதைச் சரிசெய்யப் போகிற வழியும் சேர்ந்தே அறுந்துவிடுகிறது. ஆகவே இப்படிப்பட்ட வேலையில் இறங்குகிறவர்கள் வேகத்தையும் வசதியையும் பற்றி யோசிக்கும் முன்னர் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்: இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலே விழுந்தாலும் பெட்டி தானாக எழுந்து வர வேண்டும், வரும்போது ஏன் விழுந்தேன் என்ற சாட்சியத்தையும் கையோடு கொண்டு வர வேண்டும்.

எனக்கு முன்னர் இந்த வேலையைச் செய்தவர்கள் சுரங்கப்பாதையைச் சொந்தக் கெர்னல் மொடியூலாக, அதாவது கெர்னலுக்குள்ளேயே ஏறி ஓடும் நிரலாக, எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பொதியையும், அதாவது வலையமைப்பில் போகும் தரவுத் துண்டையும், பிரதி எடுத்து இரண்டு மோடம்கள் வழியாகவும் அது அனுப்பும். மறுமுனையில் முதலில் வந்தது ஏற்கப்படும், பின்னால் வந்தது கைவிடப்படும். மழைக்காலத்தில் ஒரு கோபுரம் படுத்துவிட்டாலும் மற்றது தாங்கும். யோசனை அருமையானது, இன்றும் அதையே வைத்திருக்கிறேன்.

வெருகலில் தொட்டியை மாற்றியபோது தொல்லை தொடங்கியது. பழைய தொட்டியின் உணரி சீரியல் கம்பி வழியாகப் பெட்டியோடு பேசியது. புதியதன் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஈதர்நெட் இருந்ததால் யூஎஸ்பி இணைப்பான் ஒன்றின் வழியாகப் பெட்டியோடு இணைத்தார்கள். அதன் பிறகு பெட்டி இடையிடையே உறைந்துபோக ஆரம்பித்தது. காலமோ மார்கழி. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பெருகி வீதியின் மேலால் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "தங்கச்சி, பச்சை லைட் எரிகிறது. ஆனால் சிமிட்டவில்லை, எரிந்தபடியே நிற்கிறது." மின்சாரக் கம்பியைப் பிடுங்கச் சொன்னேன். மின்கலம் இருந்ததால் பெட்டி அசையவில்லை. மூடியைத் திறந்து மின்கலத்தின் கம்பியையும் கழற்ற வைத்தேன். பெட்டி எழுந்தது, தொட்டியின் வெப்பநிலை வந்தது. பதிவுகளைத் திறந்து பார்த்தால் விழுந்த நேரத்துக்குரிய ஒரு வரி கூட இல்லை.

இந்த வெறுமைக்குக் காரணம் உண்டு. லினக்ஸ் கெர்னலில் கோளாறு இரண்டு படிகளில் வரும். முதற்படி ஊப்ஸ்: ஏதோ ஒரு செயல்முறையின் சார்பில் ஓடிக்கொண்டிருந்த கெர்னல் நிரல் தவறான நினைவகத்தைத் தொட்டுவிட்டது, கெர்னல் அந்தச் செயல்முறையைக் கொன்றுவிட்டு மேலே ஓடப் பார்க்கும். இரண்டாம் படி பேனிக்: இனி ஓட முடியாது என்று நின்றுவிடும். வலையமைப்புப் பொதிகள் பெரும்பாலும் செயல்முறை எதற்கும் சொந்தமில்லாத இடத்தில், குறுக்கீட்டுச் சூழலில், கையாளப்படுகின்றன. அங்கே விழுந்தால் கொல்வதற்கு ஆள் இல்லை. ஆகவே அங்கு வரும் ஊப்ஸ் நேராகப் பேனிக் ஆகிவிடும். பேனிக் ஆனபின் எத்தனை விநாடியில் மறுதொடக்கம் செய்வது என்ற அமைப்பின் இயல்பான மதிப்போ 0. அதன் பொருள், கையால் யாராவது நிறுத்தும் வரை அப்படியே நிற்பது. மேசைக் கணினிக்கு அது பொருத்தம்தான். திரையில் இருப்பதைப் படிக்க ஆள் இருக்கிறார். வெருகலில் திரையே இல்லை.

நான் முதலில் மாற்றியவை இரண்டு. பேனிக் மறுதொடக்க நேரத்தை 10 விநாடி ஆக்கினேன். ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகும்படியும் வைத்தேன். இரண்டாவதை முரட்டுத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வலையமைப்பு நிரலில் ஊப்ஸ் வந்த பெட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வலையமைப்பு இடைமுகங்களை, அதாவது பொதிகள் வந்து போகும் வாசல்களை, மாற்றும் எந்தக் கட்டளையும் கெர்னலுக்குள் ஒரே ஒரு பூட்டை எடுத்தாக வேண்டும்; அதன் பெயர் ஆர்டிஎன்எல். அதைக் கையில் வைத்திருக்கும்போது ஒரு செயல்முறை ஊப்ஸில் செத்தால் பூட்டு திறக்கப்படாமலே கிடக்கும். உள்ளே நுழைய முடியும், கோப்புகளைப் பார்க்க முடியும், ஆனால் இடைமுகத்தைத் தொடும் கட்டளை ஒவ்வொன்றும் தொங்கி நிற்கும். அப்படிப் பாதி உயிரோடு இருக்கும் பெட்டியை விட விழுந்து எழுகிற பெட்டி எவ்வளவோ மேல்.

அடுத்தது சாட்சியம். கெர்னல் விழும் கணத்தில் கோப்பு முறைமையை நம்பி எழுத முடியாது. வலையமைப்பு வழியே வரிகளை அனுப்பும் நெட்கன்சோல் என்ற வசதி உண்டு. உப்புவெளியில் என் மேசையில், கம்பியில் கட்டிய பெட்டிகளுக்கு அது பொன்னானது. தூரத்துப் பெட்டிக்கு உதவாது, ஏனென்றால் அதன் வரிகள் போக வேண்டிய சுரங்கப்பாதைதான் செத்துக்கொண்டிருக்கிறது. செத்த கெர்னலின் நினைவகம் முழுவதையும் இன்னொரு கெர்னலைக் கொண்டு பிடித்து வைக்கும் கேடம்ப் முறைக்கு நினைவகத்தில் கணிசமான பகுதியை ஒதுக்க வேண்டும். இந்தச் சிறு கணினிகளுக்கு அது கட்டுப்படியாகாது. மிஞ்சியது ராம்ஊப்ஸ். ரேமில் ஒரு சிறு துண்டை, எனக்கு 1 மெகாபைட் தாராளமாகப் போதும், வேறு யாரும் தொடாதபடி ஒதுக்கி வைத்தால், கெர்னல் சாகும்போது தன் கடைசி வரிகளை அங்கே எழுதிவிட்டுப் போகும். மின்சாரம் அறாமல் மறுதொடக்கம் நடந்தால் அந்த வரிகள் அப்படியே இருக்கும். புதிய கெர்னல் எழுந்ததும் பிஸ்டோர் என்ற அடைவில் கோப்பாகக் கிடைக்கும். அண்ணன் கம்பியைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் அழிந்துபோனது இந்தச் சாட்சியம்தான். தானாக மறுதொடக்கம் ஆவது வசதிக்கு மட்டுமன்று. சாட்சியத்தைக் காப்பாற்றும் வழியும் அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கணினிப் பலகைகளில், கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் என்ற நிரல் எழும்போதே ரேமைச் சுத்தமாகத் துடைத்துவிடும், அல்லது நாம் ஒதுக்கிய அதே இடத்தில் தன் நிரலை ஏற்றும். கையேட்டைப் படித்து இதை அறிய முடியாது. மேசையில் வைத்து, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ரெக் வழியாக 'சி' என்ற எழுத்தை அனுப்பிக் கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்திப் பாருங்கள். எழுந்ததும் பிஸ்டோரில் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்துகள் அங்குமிங்கும் சிதைந்து வந்தால் ராம்ஊப்ஸின் பிழைதிருத்தும் தெரிவை இயக்குங்கள். ஒதுக்கிய இடத்தில் கொஞ்சம் அதற்குப் போகும், பரவாயில்லை.

பேனிக் நேரக்கணக்கு கூட ஓட முடியாத அளவுக்குக் கெர்னல் இறுகிப்போவதும் உண்டு. அதற்குத்தான் வன்பொருள் வாட்ச்டாக். குறித்த இடைவெளிக்குள் மென்பொருள் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாவிட்டால் அது பலகையையே மீட்டமைத்துவிடும். லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியிடம் ஒரு வரி அமைப்பில் சொன்னால் இடைவெளியின் பாதியில் ஒரு முறை தட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் வைத்த பிறகு வெருகல் பெட்டி மீண்டும் விழுந்தது. யாரும் தொடாமல் எழுந்தது. பிஸ்டோரில் கோப்பு இருந்தது. அதன் முதல் வரியே வழக்கை முடித்துவிட்டது: எஸ்கேபி அண்டர் பேனிக். எஸ்கேபி என்பது கெர்னல் ஒரு பொதியை வைத்திருக்கும் அமைப்பு; பொதியின் பைட்டுகள் இருக்கும் நினைவகத் துண்டு இடையகம். அதே வரியில் பொதியின் நீளம், முன்னால் சேர்க்க முயன்ற பைட்டுகள், இடையகத்தின் தலை, தரவு தொடங்கும் இடம், வால், முடிவு ஆகியவை இருக்கும் இடங்கள், கடைசியில் இடைமுகத்தின் பெயர். தரவு தொடங்கும் முகவரி எப்போதும் தலையின் முகவரிக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். அங்கே அது சிறிதாக இருந்தது.

சுரங்கப்பாதை செய்வது, எழுதி ஒட்டிய கடித உறையை இன்னோர் உறைக்குள் இட்டு வேறு விலாசம் எழுதுவதுதான். கெர்னலில் அந்த இரண்டாவது விலாசம் பொதிக்கு முன்னால் எழுதப்படும். அதற்கு இடையகத்தில் தரவுக்கு முன் வெற்றிடம் வேண்டும். பெட்டியிலேயே பிறக்கும் பொதிகளுக்குக் கெர்னல் அந்த இடத்தைத் தாராளமாக விட்டு வைக்கும். வெளியிலிருந்து ஒரு டிரைவர் (கருவியை இயக்கும் கெர்னல் நிரல்) வழியாக உள்ளே வந்து கடந்து போகும் பொதிக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்பது அந்த டிரைவரைப் பொறுத்தது. சீரியல் கம்பி இருந்த காலத்தில் எல்லாப் பொதிகளும் பெட்டியிலேயே பிறந்தன. புதிய தொட்டி வந்த பிறகு பொதிகள் யூஎஸ்பி வழியாக வந்து கடந்தன. மொடியூலோ இடம் இருக்கிறதா என்று கேட்காமலே தன் தலைப்பகுதியை முன்னால் தள்ளியது. அந்த வரி எழுதப்பட்ட நாள் முதல் பழுது அங்கே இருந்திருக்கிறது. அதன் மேல் நடப்பதற்கு ஒரு பாதை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

திருத்தம் சிறியது. தள்ளுவதற்கு முன்னால் எஸ்கேபி கவ் ஹெட் என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும். போதிய இடம் இல்லாவிட்டாலும், இடையகத்தின் தலைப்பகுதியை இன்னொரு பிரதியோடு பகிர்ந்துகொண்டிருந்தாலும், அது புதிய இடையகம் எடுத்துத் தரும். பிரதி எடுத்து அனுப்பும் மொடியூலுக்கு இந்தப் பகிர்வு மிக முக்கியம்: ஒரு பிரதியில் எழுதும் விலாசம் மற்றதன் மேல் படிந்துவிடக்கூடும். நினைவகம் இல்லையென்று அது பிழை திருப்பினால் பொதியை விடுவித்து, கைவிட்ட பொதிகளின் கணக்கில் ஒன்றைக் கூட்டி, எல்லாம் சரி என்றே மேலே பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி புதியவர்களுக்கு உறுத்தும். பிழைதானே, பிழை என்று சொல்ல வேண்டாமா? கூடாது. அனுப்பும் செயற்கூறு 'இப்போது முடியவில்லை' என்று திருப்பினால், பொதி இன்னும் தன்னிடமே இருப்பதாக எண்ணி மேலடுக்கு அதையே மறுபடி வரிசையில் வைக்கும். விடுவித்த நினைவகத்தை அது தொடும்போது விழும் இடம் வேறெங்கோ இருக்கும். தேடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். பொதி தொலைவது வலையமைப்பில் அன்றாடம் நடப்பது. தொலைந்ததைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறை மறுபடி அனுப்பிக்கொள்ளும். கெர்னலில் பிழையைக் கையாளுவதென்றால் பாதிக்கு மேல் இதுதான்: அந்தக் கணத்தில் நினைவகம் யாருடையது என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது.

அந்த மொடியூலை நிறுத்தும் வழியிலும் ஓட்டை இருந்தது. இடைமுகத்தின் மேல் எடுத்த ஒரு பிடியை விடாமலே போனதால், இடைமுகத்தை நீக்கச் சொன்னால் 'இன்னும் விடுபடவில்லை, காத்திருக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி 10 விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். மறுதொடக்கம் தவிர வழியில்லை. சி மொழியில் எழுதிய கெர்னல் நிரலில் கோட்டு (goto) என்ற தாவல் கட்டளையைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு இதையே காட்டுவேன். எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் ஒவ்வொன்றாக விட்டு வருவதற்கு, கடைசியில் வரிசையாக அடையாளங்களை வைத்துப் பொருத்தமான இடத்துக்குத் தாவுவதை விடத் தெளிவான முறை சி மொழியில் இல்லை.

திருத்திய பிறகும் அந்த மொடியூலை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பாலின் வெப்பநிலை என்பது விநாடிக்குச் சில நூறு பைட்டுகள். அதற்குக் கெர்னலுக்குள் சொந்த நிரல் எதற்கு? 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு மோடத்தின் மேலும் ஒரு வயர்கார்ட் பாதை. பிரதி எடுக்கும் வேலைக்கு, பொதிகளைச் சாதாரண நிரலிடம் ஒப்படைக்கும் டன் (TUN) இடைமுகத்தின் மேல், கெர்னலுக்கு வெளியே பயனர் வெளியில் ஓடும் ஒரு சிறிய நிரல். அது விழுந்தால் கெர்னல் அதன் கோப்புப் பிடிகளை மூடி இடைமுகத்தையும் தானே அகற்றிவிடும். சிஸ்டம்டி மறுபடி தொடக்கும். ஒவ்வொரு பொதியும் இரு தடவை கூடுதலாக நகலெடுக்கப்படுகிறது என்பது உண்மை. வேகம் உயிரான இடங்களில் அது பெரிய விலை. எங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பொதியின் அளவைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். வயர்கார்ட் ஒவ்வொரு பொதியிலும் ஐபிவி4 மேல் 60 பைட்டும் ஐபிவி6 மேல் 80 பைட்டும் எடுக்கும். ஈதர்நெட்டின் வழக்கமான 1500இல் 80 போக வரும் 1420தான் அதன் வழக்கமான எம்டியு, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு. என் நிரலின் உறையும் சேரும்போது அது போதாது. மொபைல் பாதைகளும் ஒரே மாதிரி இல்லை. 1280 என்று வைத்துவிட்டேன். பிங் போகிறது, உள்ளே நுழையவும் முடிகிறது, ஆனால் நீளமான கோப்பைத் திறந்தால் தொங்கிவிடுகிறது என்றால் வேறெதையும் தேடாமல் முதலில் எம்டியுவைப் பாருங்கள்.

மீட்சிக்கு நான் வைத்திருக்கும் படிகள் 2022இன் மின்வெட்டுக் காலத்தில் உருவானவை. அந்த மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போனது. கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்துவிடும். இணைப்பு இல்லையென்றால் மறுதொடக்கம் செய் என்று முன்னர் எழுதி வைத்திருந்த நிரல், கோபுரம் செத்த இரவுகளில் பெட்டியை ஓயாமல் விழுத்தி எழுப்பி, மின்கலத்தையும் தின்று, நினைவக அட்டையையும் கெடுத்தது. இப்போது பெட்டி முதலில் மோடத்தைக் கேட்கிறது: கோபுரம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஒன்றும் செய்யாது. அளவீடுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்துக் காத்திருக்கும். கோபுரம் தெரிந்தும் வயர்கார்டின் கடைசிக் கைகுலுக்கல் (இரு முனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்ளும் பரிமாற்றம்) ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் சுரங்கப்பாதையை மட்டும் மறுபடி தொடக்கும். பலிக்காவிட்டால் மோடத்தின் மின்சாரத்தை ஒரு ரிலே மூலம் அறுத்துக் கொடுக்கும்; யூஎஸ்பி மோடம்கள் மென்பொருள் மீட்டமைப்புக்கு மசியாமல் இதற்கு மட்டும் மசிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கும் பிறகுதான் மறுதொடக்கம். அடுத்தடுத்த மறுதொடக்கங்களுக்கு இடையிலான நேரம் இரட்டித்துக்கொண்டே போகும்.

வயர்கார்டில் இன்னொரு கண்ணி கடிகாரத்தில் இருக்கிறது. கைகுலுக்கலில் நேர முத்திரை ஒன்று போகும். கடைசியாகக் கண்டதை விடப் பழைய முத்திரையை மறுமுனை ஏற்காது. மின்கலக் கடிகாரம் இல்லாத பலகை மின்சாரம் அறுந்து எழும்போது பழைய நேரத்தோடு எழும். நேரத்தைத் திருத்தும் சேவை சுரங்கப்பாதைக்கு உள்ளே இருந்தால், நேரம் சரியாகாமல் பாதை திறக்காது, பாதை திறக்காமல் நேரம் சரியாகாது. நேரம் கேட்கும் பொதிகளைச் சுரங்கப்பாதைக்கு வெளியே, நேராக மோடம் வழியாக விடுங்கள். முடிந்தால் காசு வடிவ மின்கலம் செருகிய கடிகாரச் சில்லு ஒன்றையும் பலகையில் சேருங்கள். அது கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போய்வரும் ஒரு பயணத்தின் எரிபொருளை விட மலிவு.

தூரத்தில் இருந்தபடி புதிய கெர்னல் ஏற்றும்போதுதான் இன்னும் நெஞ்சு படபடக்கும். யூபூட் என்ற பூட்லோடரில் தொடக்கங்களை எண்ணும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் எண்ணிக்கை ஒன்று கூடும். வைத்த வரம்பைத் தாண்டினால் மாற்றுக் கட்டளையை ஓட்டும், அதாவது பழைய கெர்னலை எழுப்பும். எண்ணிக்கையை எப்போது பூச்சியமாக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணினி எழுந்தவுடன் பூச்சியமாக்கினால், மோடம் டிரைவர் இல்லாத ஒரு கெர்னல் கூட வெற்றி என்று கணக்காகிவிடும். என் பெட்டிகளில் நகரிலிருந்து வயர்கார்ட் வழியே பதில் வந்த பிறகே அது பூச்சியமாகிறது. அதற்குள் வாட்ச்டாக் எழுப்பினாலும் பேனிக் எழுப்பினாலும் எண்ணிக்கை ஏறும். மூன்றைத் தாண்டினால் பழையதுக்குத் திரும்பும்.

ஈச்சிலம்பற்றுப் பெட்டி இன்னும் பழைய மொடியூலின் திருத்திய பதிப்பில் ஓடுகிறது. அதன் பலகை வாங்கியபோது ஏற்றியிருந்த பூட்லோடருக்கு எண்ணும் வசதி இல்லை. அதைத் தூரத்திலிருந்து மாற்றத் துணியமாட்டேன், இடையில் மின்சாரம் போனால் பலகை கல்லாகிவிடும். வாடை தொடங்கி வீதி அடைபடுவதற்கு முன் புதிய பலகையோடு நேரில் போகப்போகிறேன். போகும் பலகை இப்போது மேசையில் இருக்கிறது. சிஸ்ரெக்கில் 'சி' தட்டி வீழ்த்தியும், மோடத்தைப் பிடுங்கியும், கடிகாரத்தைப் பின்னால் தள்ளியும் மாறி மாறிச் சோதித்து வருகிறேன்.